வெட்டிப்போட்ட எட்டு வினாடி

அக்டோபர் 18, 2014, சனி.
தவறு: ஐந்தாவது பேச்சுத் துண்டை நேற்று முழுவதும் கேட்கவில்லை. திரையில் அலைக்கோட்டைப் பார்த்து, சத்தத்தின் அளவு சரியாக இருக்கிறது என்று சேர்த்துவிட்டேன். மற்ற பதிமூன்று துண்டுகளையும் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இதை மட்டும் ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. இப்போது கேட்கப்போகிறேன். மணி 1.25.

மிக்தாலியா பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். ஒலித்தொகுப்பு மாலை வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்த முறை அது. முதலில் தவறு, பிறகு செய்த வேலை, கடைசியில் மறுநாளைக்கான ஒரே ஒரு வேலை. வகுப்பில் மற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மொத்தமாக எழுதி ஒப்பித்தார்கள். அவள் தினமும் எழுதினாள். எழுதாத நாளில் செய்த வேலையில் அவளுக்கு நம்பிக்கை வருவதில்லை.

சமையலறை மேசையில் கணினிக்குப் பக்கத்தில் வானொலி நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் கிடந்தது. அவள் அப்பா எலாதியோ சின்த்ரோன் கையால் கட்டம் போட்டு எழுதியது. பதினாலு பாட்டு, ஒவ்வொன்றிலும் யார் யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம். இருபத்தேழு வருஷமாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் லத்தீன் ஜாஸ் போட்டார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒன்று விடாமல் சொன்னார். ‘பாட்டை எங்க வேணா கேக்கலாம். பேரை இங்க மட்டும்தான் கேக்கலாம்’ என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. பட்டியலில் ஐந்தாவது பாட்டுக்கு நேரே டிம்பாலே மேளம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. வலி மருந்தில் மறந்திருப்பார் என்று நினைத்து மிக்தாலியா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

காதில் ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் அடுத்த அறையைக் கவனித்தாள். அப்பாவின் மூச்சு வந்தது. நின்றது. அவள் எண்ணினாள். ஒன்பது வரை எண்ணியதும் திரும்ப வந்தது. கூடவே ப்ரோவி அத்தையின் ஜெபமாலை முணுமுணுப்பு. காலையில் வந்த செவிலி அபேனா போகும்போது, “இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு. கண்ணு திறக்கமாட்டார். ஆனா காது கடைசி வரைக்கும் இருக்கும். அதனால பாத்துப் பேசுங்க,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால்தான் சமையலறை ரேடியோ இப்போது அப்பாவின் தலைமாட்டில் இருந்தது.

ஐந்தாவது துண்டை அப்பா கடைசியில்தான் பதிவு செய்தார். நேற்று மத்தியானம், எல்லோரையும் அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு. அரை மணி கழித்துக் கதவைத் தட்டிக் கூப்பிட்டுப் பதிவுக் கருவியை அவள் கையில் கொடுத்தார். “அஞ்சாவதை மட்டும் இருக்கிறபடி விடு. வெட்டாதே,” என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை.

வெட்டாதே என்றாரே, வெட்டப்போவதில்லை என்றால் கேட்டு என்ன ஆகப்போகிறது? இப்போது தெரிந்தது, அதனால்தான் கேட்காமல் விட்டிருக்கிறாள். இதை நோட்டில் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

முதலில் இருமல். தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு அப்பாவின் வானொலிக் குரல், பாதி பலத்தில்.

“கேட்டீங்களா? ரெண்டாவது நிமிஷம் முடியற இடத்துல, எல்லாரும் நிறுத்தி, டிம்பாலேக்காரன் தனியா உள்ள வரணும். வந்தான். தப்பான கால்ல வந்தான். மொத்தக் குழுவையும் இழுத்துக்கிட்டு விழுந்தான். லூச்சோ பியானோல கூட ஒரு சுத்து வாசிச்சு அவனைத் தூக்கி நிறுத்தினார். எட்டு வினாடி. அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமா இந்த இசைத்தட்டைப் போடுன்னு ஃபோன் பண்றீங்க. நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். சரி, பேர் படிக்கறேன். பியானோ, லூச்சோ அரோச்சோ. பேஸ், ஹெரார்தோ பின்ட்டோ. டிரம்போன், அனிபல் சுவாரெஸ். காங்கா, நம்ம மோன்ச்சோ. டிம்பாலே... உறைல ‘நண்பர் ஒருவர்’னு போட்டிருக்கு. லூச்சோ பெரிய மனசு பண்ணிப் பேரை விட்டுட்டார். நண்பருக்குப் பேர் இருக்கு. எலாதியோ சின்த்ரோன். அப்ப இருபத்திரெண்டு வயசு. எல்லார் பேரையும் சொல்லிட்டு ஒருத்தன் பேரை மட்டும் மறைச்சா நல்லா இருக்காது இல்லையா. அடுத்த பாட்டு.”

மிக்தாலியா ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கையைக் கூட அசைக்கவில்லை.

அந்த எட்டு வினாடி பாட்டில் இல்லை. வியாழக்கிழமை அவள்தான் வெட்டியிருந்தாள்.

தட்டை அப்பா உறையில்லாமல், ஒரு வெள்ளைக் காகிதப் பையில் போட்டுத்தான் கொடுத்தார். கணினியில் ஏற்றும்போது அந்த இடத்தில் தாளம் தடுமாறியது. ஊசி பள்ளம் தாண்டிக் குதித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பழைய தட்டுகளில் நடப்பதுதான். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி முன்னால் ஒரு தாள அடியையும் பின்னால் ஒரு அடியையும் பொருத்தி, நடுவிலிருந்ததை எடுத்துவிட்டு, ஒட்டு தெரியாமல் இழைத்தாள். மூன்று அடி, இரண்டு அடி, மூன்று அடி, இரண்டு அடி என்று தாளம் பிசகாமல் ஓடியது. வியாழன் நோட்டில் ‘தவறு: எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதியது அந்த ஒரு நாள்தான்.

‘நண்பர்’ என்ற சொல் அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் யாராவது ஆடும்போது கால் தப்பினால், “நண்பர் வந்துட்டாருடா!” என்று மாமாக்கள் கூவுவார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அது ஒரு இசைத்தட்டிலிருந்து வந்த பேச்சு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பாட்டு விஷயத்தில் அவளுக்குக் காது போதாது என்று அவளே சின்ன வயதில் முடிவு கட்டிவிட்டதால் அவளும் கேட்டதில்லை.

மணி 1.36. மூன்று மணிக்கு நிகழ்ச்சி. மூன்று இருபத்தெட்டுக்கு ஐந்தாவது பாட்டு. நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி முழுக்க அவருடைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாளம் வழுக்கிக்கொண்டு போகும். அதன் பின்னால் அவர், கேட்டீங்களா, விழுந்தான் என்பார். எங்கே விழுந்தான் என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மருந்தில் பிதற்றுகிறார், பாவம் என்பார்கள். காது கடைசி வரைக்கும் இருக்கும் என்றாளே அபேனா, அந்தக் காதால் அவரும் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

அவள் நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். சனிக்கிழமையில் அங்கே சாகோ மட்டும்தான் இருப்பார். அப்பாவோடு தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்றபின் சம்பளமில்லாமல் நிலையத்தில் பொத்தான் அழுத்துகிறார்.

“சாகோ மாமா, நான் மிக்தா.”

“போயிட்டானா?”

“இல்ல. மூச்சு இருக்கு.”

“அப்பாடா. காலைலேர்ந்து ஒவ்வொரு ஃபோனையும் அதான்னு நினைச்சே எடுக்கறேன். சொல்லு கண்ணு.”

“அஞ்சாவது பாட்டை மாத்தணும் மாமா. நான் அனுப்பினதுல தப்பு இருக்கு. புதுசா இப்ப அனுப்பிடறேன்.”

“மெஷின்ல ஏத்தியாச்சே. அதுக்குள்ள போற பாஸ்வேர்டு மெஷினைப் பாத்துக்கற சின்னப் பையன்கிட்ட இருக்கு. அவன் மச்சினி கல்யாணத்துக்கு ப்ளோரிடா போயிருக்கான். போனவன் ஃபோன் எடுப்பானா? எனக்குத் தெரிஞ்சது ரெண்டே பட்டன். நிறுத்தறது, ஓட்டறது.”

அவள் யோசித்தாள். “அஞ்சாவது வரும்போது நிறுத்திட்டு, நீங்க தட்டையே போட முடியுமா?”

“தட்டா? போடலாம். ஊசி நல்லாத்தான் இருக்கு. கொண்டு வரணுமே. எந்தத் தட்டு?”

“லூச்சோ அரோச்சோ.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் ஃபோனைப் பார்த்தாள்.

“அதையா போடறான்?” என்றார் சாகோ. குரல் மாறியிருந்தது. “சீக்கிரம் கொண்டு வா.”

வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு மிக்தாலியா அறைக்குள் போனாள். ப்ரோவி அத்தை கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு, காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். எழுபத்திரண்டு வயசு. துவரை போட்ட சோறு காலையிலேயே ஆக்கி இறக்கி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை.

“அத்தை, நான் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரணும்.”

“எங்க?”

“ரேடியோ ஸ்டேஷன். ஒரு தட்டைக் குடுத்துட்டு உடனே வந்துடறேன்.”

அத்தை மணியை விரலிடுக்கில் நிறுத்தினாள். “உனக்குப் புத்தி இருக்கா? அவன் இழுத்துக்கிட்டுக் கிடக்கான். நீ தட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தப் போறியா? இங்க பாரு, அவன்தான் வாழ்நாள் பூரா சனிக்கிழமைன்னா வீட்டுல இருக்கமாட்டான். என் புருஷன் செத்த அன்னைக்கும் ரெண்டு மணிக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வந்தான். அந்தக் கிறுக்கு இப்ப உனக்கும் ஒட்டிக்கிச்சா?”

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“எப்பப் பாத்தாலும் இதே பாட்டு. நீ தும்மினாக்கூட தப்புன்னு நோட்டுல எழுதுவே. நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்.”

“நாளைக்கு அவர் கேக்கமாட்டார்.”

கட்டிலில் மூச்சு நின்றிருந்தது. இருவரும் எண்ணினார்கள். பதினொன்றில் வந்தது.

“அப்பா ரேடியோல ஒண்ணு சொல்றார்,” என்றாள் மிக்தாலியா. குரலைத் தாழ்த்தி, அவர் காதில் விழாதபடி. “நான் செஞ்ச வேலையால அது பொய் மாதிரி ஆயிடும். ஊர் முன்னால. அவர் அதைக் கேட்டுக்கிட்டே போகணும்.”

“என்ன சொல்றான்?”

“நீயே கேளு.”

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தில் அறையப்போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அத்தை கையை நீட்டி, மிக்தாலியாவின் சட்டைக் காலரில் மடங்கியிருந்த முனையை வெளியே எடுத்துவிட்டாள்.

“போ. ஆனா ஒண்ணு. நீ வர்றதுக்குள்ள அவன் போயிட்டா, எப்படிப் போனான், என்ன பண்ணினான்னு என்கிட்ட வந்து நிக்காதே. சொல்லமாட்டேன்.”

மிக்தாலியா கட்டிலுக்குக் குனிந்தாள். வெட்டிவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் நெற்றியில் ஈரம் இருந்தது. வாய் சற்றே திறந்து, மைக்கின் முன்னால் பேசத் தொடங்குவதற்கு முன் இருப்பது போல இருந்தது.

“போயிட்டு வரேன்ப்பா,” என்றாள்.

கார் 1.55க்கு வந்தது. ஓட்டுநர் அறுபது வயதுக்காரர், அவர்கள் ஊர்க்காரர்தான், பிறந்த தீவில் பொன்செ பக்கம். கான்கோர்ஸ் சாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று தெருக்களை அடைத்திருந்தார்கள். அவர் ஒரு சந்தில் நுழைந்தார், அங்கே லாரி நின்றது. பின்னால் எடுத்தார். இன்னொரு சந்து. மிக்தாலியா தட்டை மடியில் படுக்க வைக்காமல், வகுப்பில் சொன்னபடி நிமிர்த்தி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் வியர்வை. காகிதப் பை ஈரமாகிவிடும் என்று விரல் நுனிக்கு மாற்றினாள்.

“கேக்கா அது? இவ்வளவு பயந்து பிடிச்சிருக்கே,” என்றார் ஓட்டுநர்.

“தட்டு.”

“அட. யாருக்கு?”

“ரேடியோவுக்கு.”

“சின்த்ரோன் நிகழ்ச்சிக்கா?” அவர் முழுதாகத் திரும்பினார்.

“ரோட்டைப் பாருங்க ஐயா!”

“பாக்கறேன், பாக்கறேன். அவருக்கு உடம்பு சரியில்லைன்னாங்களே. போன வாரம் பழசைப் போட்டாங்க. எனக்குக் கோவம் வந்து அணைச்சுட்டேன். இன்னைக்குப் புதுசா?”

“புதுசுதான்.”

“நீ யாரும்மா அவருக்கு?”

அவள் சொன்னாள். அவர் அடுத்த சிவப்பு விளக்கை மதிக்காமல் போனார்.

நிலையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே மூன்றாம் மாடி. 2.52. சாகோ வாசலிலேயே நின்றிருந்தார். தட்டை வாங்கி, பையிலிருந்து பாதி இழுத்து, நடுவிலிருந்த லேபிளைப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளினார்.

மிக்தாலியா தாளில் எழுதி வந்ததை மேசையில் வைத்தாள். “3.28.20க்கு நாலாவது பேச்சு முடியும். உடனே நிறுத்துங்க. தட்டு, முதல் பக்கம், ரெண்டாவது பாட்டு. ஏழு நிமிஷம் பத்து வினாடி. முடிஞ்சதும் மெஷினை ஓட்டணும். ஆனா மெஷின் என்னோட பாட்டுல நிக்கும். அதைத் தாண்டி அஞ்சாவது பேச்சுல ஆரம்பிக்கணும். இந்த அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினாப் போதும். ஒரு தடவைதான்.”

“ஒரு தடவை. தெரியுது.”

“ரெண்டு தடவை அழுத்தினா அப்பா பேசறதே போயிடும் மாமா.”

“எனக்கு எழுபது வயசாச்சு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.”

அவர் தட்டைச் சுழல்மேடையில் வைத்து, துணியால் வட்டமாகத் துடைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“சொல்லிட்டானா?”

மிக்தாலியா திடுக்கிட்டாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“முப்பது வருஷம் பக்கத்துல நின்னு கடிதம் பிரிச்சிருக்கேன். சும்மா இருக்கும்போது மேசையில தட்டுவான். அந்தக் கையும் அந்தத் தட்டுல இருக்கற கையும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதா? அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். அவன் எனக்குத் தெரியாதுன்னு இருந்தான்.” துடைப்பதை நிறுத்தினார். “கிளம்பு. இங்க நின்னு என்ன பண்ணப்போறே?”

ஓட்டுநர் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார். திரும்பும் வழியில் போகும்போதிருந்ததைவிட நெரிசல். மூன்று மணிக்கு ரேடியோவில் அப்பாவின் குரல் வந்தது. நாள் நல்லாருக்கா என்று கேட்டது. முதல் பாட்டு. பெயர்கள். இரண்டாவது பாட்டு. பெயர்கள். மிக்தாலியா அத்தைக்கு ஃபோன் செய்தாள். சமையலறையில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். அத்தை எடுக்கவில்லை. அறையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

3.28. நாலாவது பேச்சு முடிந்தது. ஒன்று, இரண்டு. ஊசி இறங்கும் கரகரப்பு.

ஓட்டுநர் முதல் பியானோச் சத்தத்திலேயே ஸ்டியரிங்கை அடித்தார். “போட்டுட்டாருய்யா! லூச்சோவைப் போட்டுட்டாரு! இதுவா உன் கையில இருந்தது? சொல்லவே இல்லையே நீ!” சத்தத்தைக் கூட்டினார். பாட்டு ஒரு நிமிஷம் ஓடியது. ஒன்றரை. அவர் தோள் குலுங்கிக் காத்திருந்தது. எல்லா வாத்தியமும் நின்றது. டிம்பாலே தனியாக உள்ளே வந்தது, உரக்க, இளமையாக, தப்பாக. மற்றவர்கள் பின்னால் தடுமாறி ஓடினார்கள்.

“நண்பர் வந்துட்டாருடோய்!” என்று ஓட்டுநர் கூவினார். பக்கத்து வண்டியிலும் அதே நிலையம் ஓடியிருக்க வேண்டும். ஜன்னல் இறங்கி ஒரு பெண் இவர்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துச் சிரித்தாள்.

எட்டு வினாடி. பியானோ வளைந்து வந்து அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போனது.

மிக்தாலியா மூச்சு விட்டாள். பாட்டு முடிந்ததும் ரேடியோ ஊமையானது. ஒன்று. இரண்டு. ஒரு தடவை, மாமா. மூன்று. நான்கு. ஐந்து. இருமல். தண்ணீர் குடிக்கும் சத்தம்.

“கேட்டீங்களா?” என்றது அப்பாவின் குரல்.

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கேட்டார். பெயர்கள் வந்தன. கடைசிப் பெயர் வந்தபோது அவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ரேடியோவைப் பார்த்தார். அடுத்த பாட்டு தொடங்கியது. பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்க மறந்திருந்தார்.

“அவரா?” என்றார்.

“ஆமா.”

“நாற்பது வருஷம் சிரிச்சிருக்கேனேம்மா.”

“அவரும் சிரிச்சிருக்கார்.”

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி 3.51. மூன்றாம் மாடிக்கு லிஃப்டுக்காக நிற்காமல் ஏறினாள். கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறையில் ப்ரோவி அத்தை எழுந்து நின்றிருந்தாள், காலணி போட்டிருந்தாள், தலை வாரியிருந்தாள். அப்பாவின் வாய் ஒரு மடித்த துண்டால் மூடப்பட்டு, முகவாயோடு கட்டியிருந்தது. கைகள் போர்வைக்கு வெளியே.

மிக்தாலியா எண்ணத் தொடங்கினாள். பழக்கத்தில். இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

மிக்தாலியா எதுவும் கேட்கவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கையைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. எட்டாவது பாட்டு முடிந்தது. அப்பா ரேடியோவில் வாசித்தவர்களின் பெயரைச் சொன்னார். பேஸ் வாசித்தவரின் பெயரைத் தப்பாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திருத்திச் சொன்னார். இருவரும் கேட்டார்கள். அணைக்க யாரும் கையை நீட்டவில்லை.

4.20க்கு அபேனா வந்தாள். காதுக் குழாயை அவர் மார்பில் வைத்துப் பார்த்தாள், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், தன் தாளை எடுத்தாள்.

“எத்தனை மணிக்கு?”

“மணி பாக்கலை,” என்றாள் அத்தை. “அவன் பேர் படிச்சிக்கிட்டிருந்தான்.”

அபேனா பேனாவை நிறுத்தினாள். “யாரு?”

அத்தை ரேடியோவைக் காட்டினாள்.

அபேனா ரேடியோவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். மிக்தாலியா எழுந்தாள். கேட்கக்கூடாது என்று அத்தை சொன்னது நினைவில் இருந்தது. கேட்டாள்.

“எந்தப் பேர் அத்தை?”

அத்தை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், யாருக்கும் இல்லாமல், சுவரைப் பார்த்து.

“அந்தக் கோணல் பாட்டு ஓடிச்சு. ஒரு இடத்துல மேளம் விழுந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. அப்ப அவன் புருவத்தைச் சுருக்கினான், சின்ன வயசுல அப்பா பெல்ட்டை எடுத்தா சுருக்குவான் பாரு, அப்படி. அப்புறம் விட்டுட்டான். பாட்டு முடிஞ்சு ரேடியோ நின்னுபோச்சு. இவனும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டிருந்தான். கேட்டீங்களான்னதும் திரும்ப விட்டான். பியானோன்னான். பேஸ்னான். அடுத்தது என்னமோ சொன்னான், நான் இவனைப் பாத்தேன், மூச்சு இல்ல.” மூக்கைத் துடைத்தாள். “ஒரு நாள் குச்சியெல்லாம் கொண்டு போய் ஆத்துல போட்டுட்டு வந்தான். இருபது, இருபத்திரெண்டு வயசிருக்கும். ஏன்டான்னேன். கை வலிக்குதுன்னான். நானும் எண்ணெய் தேய்ச்சு விட்டேன் ஒரு வாரம். பாவிப்பய.”

மிக்தாலியா சமையலறைக்குப் போய்த் தாளை எடுத்தாள். 3.28.20. இசைத்தட்டு வைக்க இரண்டு வினாடி. பாட்டு ஏழு நிமிஷம் பத்து வினாடி. சாகோவின் ஐந்து வினாடி. பேச்சின் தொடக்கத்திலிருந்து பேஸ் வரை எத்தனை என்று கணினியில் பார்த்தாள். நாற்பத்து நாலு வினாடி. இரண்டு முறை கூட்டினாள்.

“3.36.21,” என்றாள் வாசலில் நின்று. “ஒண்ணு ரெண்டு வினாடி முன்ன பின்ன இருக்கலாம்.”

அபேனா அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பில்லை. “நான் வந்து பாத்த நேரத்தைத்தான் போடணும்மா. அதுதான் முறை.” 4.24 என்று எழுதினாள். எழுதிவிட்டு, “அதை நீ வெச்சுக்கோ,” என்றாள்.

ஐந்து மணிக்குப் பதினாலாவது பேச்சு முடிந்தது. அப்பா எப்போதும் சொல்வது போல அடுத்த வாரம் என்று எதுவும் சொல்லவில்லை. பிராங்க்ஸ் வானிலை வந்தது. அத்தை எழுந்து போய் சோற்றை அடுப்பில் வைத்தாள்.

சமையலறை மேசையில் நோட்டு திறந்தபடியே இருந்தது. 1.25 என்ற எழுத்துக்குக் கீழே மிக்தாலியா எழுதினாள்.

தவறு (தொடர்ச்சி): வியாழன் அன்று ‘எதுவும் இல்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டேன். ஊசி குதிக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.
வேலை: ஐந்தாவது பாட்டு, மூலத்தில் இருந்தபடி ஒலிபரப்பானது. 3.28 முதல் 3.35 வரை. கேட்டார். தன் பெயருக்கு மூன்று பெயர் முன்னால், 3.36க்குப் போனார்.

பட்டியலை இழுத்து வைத்து, ஐந்தாவது வரிசையில் பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியை அழிப்பானால் அழித்தாள். தூளை ஊதவில்லை, உள்ளங்கையால் ஒதுக்கினாள். கட்டம் வெள்ளையாக இருந்தது. பேனாவை எடுத்தாள். அடுத்த அறையில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்ட சத்தம். பேனாவைத் திரும்ப நோட்டுக்குக் கொண்டுவந்தாள்.

நாளை: வாசித்தவர்கள் பட்டியலை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஐந்தில் டிம்பாலே கட்டத்தை நிரப்ப வேண்டும். முழுப் பெயர்.